நான்காவதை என்ன செய்தீர்கள்?

நாவல் வரிசைகளைப் பதிப்பிப்பவர்களுக்கும், பல பாகப் படங்களுக்குப் பணம் போடுபவர்களுக்கும், நாடக விழாக்களுக்கு நிரல் வகுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் அலமாரியில் ஒரு நாவல் வரிசை இருக்கிறது. ஆசிரியர் எழுதியது நாலு பாகம். என்னிடம் இருப்பது மூன்று. மூன்றையும் ஒரே பதிப்பகம்தான் கொண்டுவந்தது. ஒரே அளவு, ஒரே தாள், முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண். நான்காவதுக்காக இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது, மரியாதையாகவே வந்தது. விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, நான்காம் பாகம் இப்போதைக்குத் திட்டத்தில் இல்லை என்றார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். கணக்குப் பார்ப்பது உங்கள் பிழைப்பு, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "கதை மூன்றாம் பாகத்திலேயே முடிந்துவிடுவதால் வாசகர்களுக்கு இழப்பு ஏதும் இராது."

அந்த வரிக்குத்தான் இந்த மடல். எழுதியவர் ஒருவர் என்றாலும், உங்களில் பலர் மனதில் இருப்பதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று என்றால் முழுசு. நாலு என்றால் மூன்றோடு ஒன்று கூட. கூட இருப்பதை வெட்டலாம், வேண்டுமென்றால் இல்லாததை ஒட்டவும் செய்யலாம். வெட்டுவதையும் ஒட்டுவதையும் நீங்கள் காலகாலமாகச் செய்துவருகிறீர்கள்.

முதலில் பெயர். மூன்று பாகத் தொடரை ட்ரைலாஜி என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. நாலு பாகத் தொடருக்கான டெட்ராலஜி என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் இதயக் கோளாறு ஒன்று முன்னால் வந்து நிற்கும். நாலு குறை சேர்ந்து வருவதால் மருத்துவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். தமிழில் 'நாற்தொடர்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். நால் திசை நாற்றிசை ஆகிற கணக்கில் அது நாற்றொடர் ஆகும். நாற்றம் அடிக்கிறது. டெட்ராலஜி என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த வடிவம் பிறந்த இடத்தில் நாலு என்பது விதி. பண்டைய கிரேக்கத்தில், ஏதென்ஸ் நகரத்து டயோனிசியா விழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள். ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகம், அவற்றின் பின்னால் ஒரு சாட்டிர் நாடகம். குதிரைக் காதும் குதிரை வாலும் வைத்த சாட்டிர்கள் கூட்டமாக மேடைக்கு வருவார்கள். குடிகாரர்கள், கோழைகள், பெண்பித்தர்கள், ஆனால் பாட்டும் கூத்தும் தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தலைவன் சைலீனஸ் என்கிற கிழவன். காலையிலிருந்து கொலையும் சாபமும் பார்த்த அதே சனம் இவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

இதை 'அழுதவர்களைச் சிரிக்கவைத்து அனுப்பும் ஏற்பாடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதானா என்று கிரேக்க நாடகக் கவிஞர் ஈஸ்கிலஸின் ஒரெஸ்தியாவை வைத்துப் பார்க்கலாம். கி.மு. 458இல் மேடையேறி முதல் பரிசு வாங்கியது. முதல் நாடகத்தில் டிராய்ப் போர் முடிந்த சேதியோடு ஒரு தூதன் வருகிறான். எல்லாரும் மகிழ்ந்திருக்கும்போது, கோரஸ் என்ற பாடகர் குழுவாக வரும் முதியவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: மன்னன் அகமெம்னானின் தம்பி மெனலாஸ் எங்கே? தூதன் தயங்குகிறான். நல்ல சேதி கொண்டுவந்த வாயால் கெட்ட சேதி சொல்லவேண்டியிருக்கிறதே என்று சங்கடப்படுகிறான். பிறகு சொல்கிறான்: கடலில் புயல் அடித்தது, அவனுடைய கப்பலைக் காணோம். அதன்பின் நாடகம் வேறு பக்கம் போய்விடுகிறது. அகமெம்னானை மனைவி கொல்கிறாள், அவளை மகன் கொல்கிறான், அவனை வதைதேவதைகள் விரட்டுகின்றன, கடைசியில் ஏதென்ஸில் வழக்கு நடக்கிறது. மூன்று நாடகமும் முடிந்துவிட்டது. மெனலாஸ் எங்கே என்ற கேள்வி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

நான்காவது நாடகத்தின் பெயர் புரோட்டியஸ். நாடகம் தொலைந்துவிட்டது, கதை ஹோமரிடம் இருக்கிறது. எகிப்துக் கரைக்கு எதிரே ஒரு தீவில் காற்றில்லாமல் மாட்டிக்கொண்டு கிடப்பவன் வேறு யாருமில்லை, மெனலாஸ்தான். உருமாறும் கடற்கிழவனைப் பிடித்தால் வழி தெரியும் என்கிறாள் கிழவனின் மகள். மெனலாஸும் கூட்டாளிகளும் கடல்நாய்த் தோலைப் போர்த்திக்கொண்டு கடற்கரையில் படுத்திருக்கிறார்கள். தோலின் வீச்சம் தாங்க முடியவில்லை. அவள் வந்து ஒவ்வொருவர் மூக்கிலும் தேவாமிர்தத்தைத் தடவிவிட்டுப் போகிறாள். கிழவன் வந்ததும் பாய்ந்து பிடிக்கிறார்கள். அவன் சிங்கமாகிறான், பாம்பாகிறான், பன்றியாகிறான், தண்ணீராகிறான், மரமாகிறான். கடைசியில் களைத்துப்போய்ப் பேசத் தொடங்குகிறான். அவன் சொல்லும் சேதிகளில் ஒன்று: உன் அண்ணன் அகமெம்னான் ஊர் திரும்பியதும் கொலையுண்டான்.

இதில் நடந்திருப்பதைக் கவனியுங்கள். முதல் நாடகத்தின் நடுவில் நழுவவிட்ட கேள்விக்கு நான்காவது நாடகத்துக் கதை பதிலாக வருகிறது. அண்ணன் கொலையுண்டது தெரியாமலே தம்பி கடல்நாய்த் தோலுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அரைநாள் முழுக்க நம்மை உலுக்கிய அந்தக் கொலை, இங்கே ஒரு கிழவன் சொல்லும் சேதியாகச் சுருங்கிவிடுகிறது. இதைத் தலைமகனுக்குப் பின்னால் வரும் கோமாளி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றையும் வெளியே நின்று பார்க்க ஒரு ஜன்னல் இது.

ஆனால் அப்போதே கத்தரிக்கோல் வந்துவிட்டது. விழாப் பதிவேடுகள் ஒரெஸ்தியாவை டெட்ராலஜி என்றுதான் எழுதின. பின்னாளில் அரிஸ்டார்க்கஸ் போன்ற அறிஞர்கள் சாட்டிர் நாடகத்தைக் கழித்துவிட்டு ட்ரைலாஜி என்றார்கள். கி.மு. 341ஆம் ஆண்டு விழாக் கல்வெட்டைப் பார்த்தால், கவிஞருக்கொரு சாட்டிர் நாடகம் என்பதே போய், விழா முழுவதற்கும் ஒன்றே ஒன்று, அதுவும் தொடக்கத்தில், கடமைக்கு. இன்று முழுசாகக் கையில் இருக்கும் ஒரே சாட்டிர் நாடகம் யூரிப்பிடீஸின் சைக்ளோப்ஸ். துன்பியல் நாடகங்கள் முப்பதுக்கு மேல் பிழைத்துவிட்டன, அவற்றோடு சேர்ந்து பிறந்ததில் ஒன்றுதான் பிழைத்தது. ஒரெஸ்தியாவை இன்று மேடையேற்றுபவர்கள் மூன்றை நடத்திவிட்டு "முழு ஒரெஸ்தியா" என்று விளம்பரம் செய்கிறார்கள். நாடகம் தொலைந்தது உங்கள் குற்றமில்லை. "முழு" என்று போடுவது உங்கள் கைவேலை. நிரலில் ஒரு வரி, 'இதற்கு நான்காவது ஒன்று இருந்தது' என்று அச்சிட எவ்வளவு இடம் பிடிக்கும்?

(யூரிப்பிடீஸ் கி.மு. 438இல் நான்காவது இடத்தில் சாட்டிர் நாடகத்துக்குப் பதிலாக அல்செஸ்டிஸை வைத்தார். கணவனுக்காகச் சாகும் மனைவி, சாவு வீட்டில் தெரியாமல் குடித்துக் கூத்தடிக்கும் ஹெரக்ளிஸ். அழுவதா சிரிப்பதா என்று இன்றும் அறிஞர்கள் முடிவுக்கு வரவில்லை. நான்காவது இடத்தை அவர் காலியாக விடவும் இல்லை, வழக்கமான சரக்கால் நிரப்பவும் இல்லை. போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. இந்தக் கிறுக்குக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.)

நான்காவது மற்ற மூன்றைப்போல இருக்கக்கூடாது என்பதைத் தமிழ் யாப்பு தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெண்பாவில் முதல் மூன்று அடியும் நாற்சீர், ஈற்றடி முச்சீர். அந்தக் கடைசிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் வந்து நிற்க வேண்டும். ஈற்றடிக்கும் நாலு சீர் போட்டு நிரப்பினால் ஓசை தட்டையாகிவிடும். வெண்பா எழுதிப் பழகியவர் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஈற்றடியையே எடுத்துவிட்டு மூன்றடியை மட்டும் அச்சிட்டு, "பொருள் மூன்றடியிலேயே முடிந்துவிடுகிறது" என்று யாராவது சொன்னால் என்ன செய்வோம்?

நாவலில் அப்படி நிஜமாகவே நடந்திருக்கிறது. ஃபோர்ட் மாடக்ஸ் ஃபோர்ட் முதல் உலகப் போரை வைத்து எழுதிய பரேட்ஸ் எண்ட் வரிசை 1924இல் தொடங்கி 1928இல் லாஸ்ட் போஸ்ட் என்ற நான்காவது நாவலோடு முடிந்தது. 1960களில் அந்த வரிசையை மறுபதிப்புச் செய்த கிரகாம் கிரீன் நான்காவதை விட்டுவிட்டார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: மூன்றோடு நின்றால் போதும் என்று ஃபோர்டே பின்னாளில் எழுதியிருக்கிறார், கிரீன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். எழுதியவரே சொன்ன பிறகு வாசகனுக்கு என்ன வழக்கு என்று கேட்பீர்கள். இருக்கிறது. லாஸ்ட் போஸ்டில் கதாநாயகன் டீட்ஜன்ஸ் கிட்டத்தட்ட வருவதே இல்லை. அவருடைய அண்ணன் மார்க், சுவரில்லாத ஒரு கூரைக்குக் கீழே கட்டிலில் கிடக்கிறார், யாரோடும் பேச மறுத்துவிட்டார். ஒரு கோடைப் பொழுதில், அந்தப் பேசாத மனிதரையும் அவரைச் சுற்றி இருப்பவர்களையும் வைத்து நாவல் ஓடுகிறது. மூன்று பாகமாக நாம் தோளோடு தோள் நடந்துவந்த கதாநாயகன் இப்போது மற்றவர்கள் பேச்சில் மட்டும் இருக்கிறான். போருக்குப் பிந்தைய வாழ்க்கை என்றால் என்ன என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? அது பலவீனமான நாவல் என்கிறவர்கள் உண்டு. சில அத்தியாயங்கள் எனக்கும் இழுவைதான். இழுவை என்று முடிவுகட்ட எனக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வழக்கு.

இனி நான் மிகவும் மதிக்கும் நான்காவது பாகத்துக்கு வருகிறேன். இந்தோனேசியாவின் பிரமூதியா அனந்த தூர் 1965இல் கைதானார். 1969இல் புரு தீவுக்கு அனுப்பப்பட்டு, 1979 வரை அங்கே கைதியாகக் கிடந்தார். எழுதத் தாள் கிடையாது. சக கைதிகளுக்கு வாயால் கதை சொன்னார். எழுத அனுமதி பின்னால்தான் கிடைத்தது. அப்படி உருவான நாலு நாவல்கள் 1980க்கும் 1988க்கும் நடுவில் வெளிவந்தன, வெளிவந்த கையோடு அரசின் தடையையும் வாங்கிக்கொண்டன. முதல் மூன்றிலும் கதை சொல்பவன் மிங்கே. டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் படித்து, எழுத்தாளனாகி, பத்திரிகை நடத்தி, அமைப்பு கட்டும் இளைஞன். 'நான்', 'என்' என்று அவனே சொல்லிக்கொண்டு போகிறான். ஆயிரம் பக்கத்துக்கு மேல் அவன் குரல் நம் காதில் ஊறிவிடுகிறது. மூன்றாம் பாகத்தின் முடிவில் அவனை நாடு கடத்துகிறார்கள். கதை முடிந்துவிட்டது, இல்லையா?

நான்காவதைத் திறந்தால் 'நான்' என்று தொடங்குகிறது. அது மிங்கே இல்லை. அவனைக் கண்காணித்து நாடுகடத்த வைத்த போலீஸ் அதிகாரி பங்கெமனன். அவரும் உள்நாட்டுக்காரர், படித்தவர், மிங்கேயை உள்ளூர மதிப்பவர், அவனை ஒழிப்பதே அவருடைய உத்தியோகம். நாவலின் பெயர் 'கண்ணாடி வீடு'. உள்ளே இருப்பவர்கள் செய்வதெல்லாம் வெளியே இருப்பவனுக்குத் தெரியும்; அவனுடைய மேசையில் எல்லாருக்கும் கோப்பு இருக்கிறது. ஒரு கட்டத்தில் மிங்கே எழுதிய கைப்பிரதிகள் அவர் கைக்கு வருகின்றன. அதாவது நாம் இதுவரை படித்த மூன்று நாவல்கள், பறிமுதல் செய்த ஆவணமாக ஒரு போலீஸ்காரர் மேசைக்கு வந்து சேருகின்றன. நாம் உருகி உருகிப் படித்ததை அவர் குறிப்பெடுத்துப் படிக்கிறார். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும் சொன்ன கதை என்று நினைத்திருந்தேனே, பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து இத்தனை நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்று நாவலோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு போராளியின் வாழ்க்கைக் கதை. நான்காவது வந்த பிறகு முதல் மூன்றுமே வேறு புத்தகங்களாகிவிடுகின்றன. "கதை மூன்றாம் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது" என்று எனக்கு எழுதியவர் இதற்கு என்ன சொல்வார்? கதை முடிந்துவிட்டதுதான். அது எப்படிப்பட்ட கதை என்பது அதற்கப்புறம்தான் தெரிகிறது.

ஜப்பானிய எழுத்தாளர் யுகியோ மிஷிமாவின் 'வளத்தின் கடல்' வரிசையும் இதே வேலையை இன்னும் குரூரமாகச் செய்கிறது. முதல் நாவலில் இளமையில் செத்துப்போன நண்பன் கியோஆகி அடுத்தடுத்த பாகங்களில் மறுபிறவி எடுத்து வருவதாக ஹோண்டா என்ற வழக்கறிஞர் நம்புகிறார். அடையாளம் மூன்று மச்சம். ஒரு மனிதனின் அறுபது வருட நம்பிக்கை அது, நம்முடையதும்தான். நான்காவதன் கடைசிப் பக்கங்களில், கிழவராகிவிட்ட ஹோண்டா மூச்சு வாங்க மேடேறிப்போய், கியோஆகி காதலித்த சதோகோவைச் சந்திக்கிறார். அவர் இப்போது மடத்துத் தலைவியான துறவி. அப்படி ஒருவரை எனக்குத் தெரியாதே என்கிறார். பிறகு வெயில் காயும் ஒரு வெறும் தோட்டம். கடைசியில் 1970 நவம்பர் 25 என்று தேதி போட்டிருக்கிறது. மிஷிமா தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்த நாள் அது. அந்தச் சாவைப் பற்றிப் பேசுபவர்கள் நிறையப் பேர், அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

லாரன்ஸ் டரெல் எனக்கு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை, வாசனைத் திரவியம் கொஞ்சம் தூக்கல். ஆனால் அலெக்ஸாண்ட்ரியா நாவல்களில் (1957-1960) அவர் போட்ட கணக்கு சுத்தமானது: மூன்று பாகம் இடத்துக்கு, ஒன்று காலத்துக்கு. ஒரே நிகழ்ச்சிகளை மூன்று பக்கத்திலிருந்து காட்டிவிட்டு நான்காவதில்தான் கடிகாரத்தை ஓடவிட்டார். அர்சுலா லெ குவின் எர்த்ஸீயை மூன்று நாவலாக 1972இல் முடித்துவிட்டு, பதினெட்டு வருடம் கழித்து 1990இல் தெஹானுவோடு வந்தார். மந்திர சக்தி முழுவதையும் இழந்துவிட்ட மாயாவி, ஒரு விதவை, தீயில் கருகிய ஒரு சிறுமி. முதல் மூன்றில் மந்திரக் கல்வியில் பெண்களுக்கு ஏன் இடமில்லை என்று அவரே தன் உலகத்தைக் கேள்வி கேட்ட நாவல் அது. 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று உபதலைப்பு வேறு கொடுத்தார். 2001இல் இன்னொன்றும் எழுதினார். எழுத்தாளர்கள் சத்தியத்தை எல்லாம் நம்பக்கூடாது.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் மட்டும் தலைகீழ். நீபெலுங் மோதிரம் என்ற ஓபரா வரிசைக்கு அவர் முதலில் எழுதிய கவிதை கடைசி நாடகத்துக்கானது, 1848இல், சீக்ஃபிரீடின் சாவு. அந்தச் சாவைப் புரியவைக்க அவனுடைய இளமை வேண்டியிருந்தது, அதைப் புரியவைக்கப் பெற்றோர் கதை, அதற்கும் முன்னால் பொன் திருடிய கதை. பின்னோக்கி நடந்து நடந்து நாலாக்கினார். பிறகு இசையை முன்னிருந்து பின்னாக 1874 வரை எழுதினார். 1876 ஆகஸ்டில் பைராய்ட்டில் நாலும் சேர்ந்து மேடையேறின. தானே அதை 'மூன்று நாளும் ஒரு முன்மாலையும்' என்றுதான் அழைத்தார். கிரேக்கர்களுக்கு மூன்றும் ஒன்றும் என்றால் இவருக்கு ஒன்றும் மூன்றும். எப்படியும் அந்த ஒன்று தனியாகத்தான் நிற்கிறது, மூன்றோடு கலப்பதில்லை. 'முன்மாலைதானே' என்று அதை விட்டுவிட்டுத் தொடங்கிப் பாருங்கள், மோதிரத்தின் மேல் யார் போட்ட சாபம் என்றே தெரியாமல் மூன்று நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாலு இருந்தால் எல்லாமே டெட்ராலஜி என்று நான் சொல்லவில்லை. பிளேட்டோவின் நூல்களை த்ரசில்லஸ் என்பவர் ஒன்பது டெட்ராலஜியாக, முப்பத்தாறாக அடுக்கினார். சாக்ரடீஸின் விசாரணையிலிருந்து சாவு வரை போகும் முதல் நாலு பொருந்துகிறது. மற்றவற்றில் பல, அடுக்க வேண்டுமே என்று அடுக்கியது. ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களை இரண்டு டெட்ராலஜி என்று பிரித்ததும் பின்னால் வந்த விமர்சகர்கள்தான். அதில் ஒரு வேடிக்கை: காலத்தால் பிந்திய மன்னர்களின் கதையை அவர் முதலில் எழுதிவிட்டார், முந்தியவர்களின் கதையைப் பிறகு. அதனால் ஐந்தாம் ஹென்றியின் வெற்றியைக் கொண்டாடி முடிக்கும் நாடகத்தின் கடைசிப் பாட்டில், இவன் மகன் காலத்தில் பிரான்ஸ் கைவிட்டுப் போனது, அதைத்தான் எங்கள் மேடையில் நீங்கள் அடிக்கடி பார்த்திருக்கிறீர்களே என்று வருகிறது. நாலாவது நாடகம் தன் வெற்றியைத் தானே தட்டிவிட்டுப் போகிறது. எலெனா ஃபெரான்டே நேப்பிள்ஸ் நாவல்களை ஒரே நாவல் என்கிறார். நாலாக வந்தது தடிமனால். அங்கே பதிப்பாளர் நேர்மையாக 2011 முதல் 2014 வரை வருடத்துக்கொன்றாகக் கொடுத்து முடித்தார். எனக்கு அதில் குறையே இல்லை.

குறை இருப்பது சினிமாக்காரர்களிடம். முதலாளிகளே, புத்தகத்தை வெட்டுகிறவர்களைவிட நீங்கள் ஒரு படி மேல். இல்லாத நான்காவதை உண்டாக்குகிறீர்கள். ஹங்கர் கேம்ஸ் முதலில் மூன்று நாவலாகத்தான் வந்தது. கடைசி நாவலை இரண்டாகப் பிளந்து 2014இல் ஒன்று, 2015இல் ஒன்று என்று நாலு படமாக்கினீர்கள். அதைப் பார்த்து டைவர்ஜென்ட்காரர்களும் மூன்றாம் நாவலைப் பிளந்தார்கள். முதல் பாதி 2016இல் வந்தது, வசூல் படுத்துவிட்டது, இரண்டாம் பாதி எடுக்கப்படவே இல்லை. கடைசி ரீலைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆபரேட்டர் வீட்டுக்குப் போன கதை. புத்தகம் படிக்காமல் படத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் இன்றும் இடைவேளையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிளந்த படம் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கு உங்கள் ஆட்கள் வேகம், நீளம் என்று காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. மூன்றாவது நாவல் மூன்றாவதாக எழுதப்பட்டது. முடிச்சை அவிழ்ப்பது அதன் வேலை. அதை இரண்டாக்கினால் பாதி முடிச்சு ஒரு படம், மீதி முடிச்சு ஒரு படம். திரும்பிப் பார்க்கிறவர் யாரும் அதில் இல்லை. ரஷ்ய இயக்குநர் அலெக்சாண்டர் சொக்குரோவ் செய்ததைப் பாருங்கள். மோலக் (1999), டாரஸ் (2001), தி சன் (2005): ஹிட்லர், லெனின், ஹிரோஹிட்டோ. மூன்றும் அதிகாரத்தின் உச்சியிலோ சரிவிலோ உள்ள நிஜ மனிதர்கள், சாப்பாட்டு மேசையிலும் படுக்கையிலும் வைத்துக் காட்டப்பட்டவர்கள். நான்காவதுக்கு ஸ்டாலினையோ இன்னொருவரையோ எடுத்திருந்தால் பட்டியல் நீண்டிருக்கும், அவ்வளவுதான். அவர் 2011இல் ஃபாஸ்ட்டை எடுத்தார். சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற கட்டுக்கதை மனிதன். மூன்று வரலாற்று மனிதர்களும் அந்தப் பழங்கதையின் பிள்ளைகள் என்று ஒரே எட்டில் பின்னால் போய்விட்டார். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது.

இன்னொரு சின்ன வழக்கு. ஏலியன் படங்கள் நாலையும் 2003இல் ஒரு பெட்டியில் போட்டு 'குவாட்ரிலஜி' என்று பெயர் வைத்தீர்கள். தலை லத்தீன், வால் கிரேக்கம். டெட்ராலஜி என்றால் யாருக்கும் புரியாது என்று பயந்திருப்பீர்கள். நாற்றொடருக்குப் பயந்தவன் என்ற முறையில் இதை மன்னித்துவிடுகிறேன்.

என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள். பதிப்பாசிரியர்களே, நாலு பாக நாவலுக்கு உரிமை வாங்கும்போது நாலுக்கும் சேர்த்து வாங்குங்கள், முடியாது என்றால் முதல் பாகத்தின் அட்டையிலேயே சொல்லிவிடுங்கள். முதுகில் எண் போடுங்கள். 'நான்கில் இரண்டு' என்று போட்டால் இன்னும் நல்லது. நான்காவது விற்காது என்பதும் தெரிந்த கதைதான். முதல் பாகம் வாங்கியவர்கள் எல்லாரும் நான்காவது வரை வரமாட்டார்கள், எந்தத் தொடருக்கும் இதுதான் விதி. குறைவாக அச்சிடுங்கள், முன்பதிவு கேளுங்கள், மின்னூலாக மட்டும் கொடுங்கள். வந்துசேர்ந்த கொஞ்சப் பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்தாதீர்கள், அவர்கள்தான் முதல் மூன்றையும் படித்து முடித்தவர்கள். மதிப்புரைக்கு அனுப்பும்போது நான்காவதைத் தனி நாவலாக நினைத்து எடைபோடச் சொல்லாதீர்கள். தயாரிப்பாளர்களே, கதை மூன்றுக்குத்தான் தாங்கும் என்றால் மூன்றோடு விட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை. நான்காவது வேண்டும் என்றால், முதல் மூன்றில் நாங்கள் பார்க்காத ஆள் ஒருவரை உட்காரவைத்து, அவர் கண்ணால் அந்த மூன்றையும் பார்க்க முடிகிறதா என்று கதாசிரியரிடம் கேட்டுவிட்டுச் செட் போடுங்கள்.

விழா நடத்துபவர்களுக்கு ஒன்று. புரோட்டியஸ் தொலைந்தது தொலைந்ததுதான், ஆனால் ஒரு துணுக்கு தப்பியிருக்கிறது. அத்தேனியஸ் என்ற பிற்கால எழுத்தாளர் பறவைகளின் பெயர்களைப் பற்றி எழுதும்போது, புறாவுக்கான ஒரு சொல்லுக்கு எடுத்துக்காட்டாக அந்த நாடகத்திலிருந்து இரண்டு வரியைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். தானியம் பொறுக்க வந்த ஒரு பாவப்பட்ட புறா, தூற்றும் துடுப்புகளுக்கு நடுவே மாட்டி, விலா ஒடிந்து கிடக்கிறது. யார் சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னது என்பதற்குச் சுற்றி ஒரு சொல்லும் மிச்சமில்லை. அடுத்த முறை ஒரெஸ்தியாவை நடத்தும்போது, மூன்றாவது முடிந்து சனம் எழுந்திருக்கப் போகும் நேரத்தில், விளக்கைப் போட்டுவிடாமல் ஒரு நடிகரை மேடைக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு வரியைச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
மூன்று பாகங்களும் ஓர் இடைவெளியும் உள்ள அலமாரிக்குச் சொந்தக்காரன்